ரங்கூன் அட்டையின் பின்புறம்

நேற்று உன் மகள் உன் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அந்துருண்டை வாசம் குப்பென்று வந்தது. நீயே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. சோப்பு விளம்பரம், தைல விளம்பரம், படம் போட்ட தபால் அட்டைகள், எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. புதுச்சேரிக்குத் தன் வீட்டுக்கு எடுத்துப்போக ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கியவள், ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்து நின்றுவிட்டாள்.

“பின்னாடி ஒரே ஊதாக் கறையா இருக்குது பெரியப்பா. கெட்டுப்போச்சு. எடுத்துப் போட்டுடவா?”

“கொஞ்சம் இரும்மா” என்றேன்.

ஜங்ஷன் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் நீ பிடித்த அட்டை அது. அதன் படத்தின்மேல் ஒரு சோப்பு விளம்பரம் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தது. எழுத்துப் பக்கம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, எழுத்துத் தெரியாத எனக்கு வாசித்துக் காட்டினாய்.

மறுநாள் ஒட்டினதைப் பிரிக்க உட்கார்ந்தோம். நமக்குத் தெரிந்தது நாம் வேலை பார்த்த பீங்கான் பட்டறை வழி ஒன்றுதான். கோப்பையில் பூ ஒட்ட, படத் தாளைத் தண்ணீரில் மிதக்க விடுவோம். பூ தானாக நழுவி வரும். அதே நினைப்பில் பேசினில் தண்ணீர் ஊற்றி அட்டையைப் போட்டாய். இரண்டும் நோகாமல் பிரிந்தன. துறைமுகமும் கப்பலும் பளிச்சென்று இருந்தன. தண்ணீர்தான் ஊதாவாகிவிட்டது. திருப்பினால் பின்னால் ஓர் எழுத்துகூட இல்லை.

“எவனோ தங்கச்சிக்கு எழுதுனது. எங்கையால கழுவி ஊத்திட்டேன்பா.”

“எனக்கு நேத்தும் அது கறைதான், இன்னிக்கும் கறைதான்” என்றேன். முறைத்தாய். அப்புறம்தான் நீ வாசித்ததைச் சொல் மாறாமல் சொன்னேன். பேனாவை எடுத்தவன் கீழே வைத்துவிட்டாய். “நான் எழுதுனா என் கடுதாசி ஆயிடும். ஒங்கிட்டயே இருக்கட்டும்.”

அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டோ கோயில் வாசலோ, எங்கே பார்த்தாலும் “அட்டை சொகமா இருக்குதா?” என்பாய். நான் ஒப்பித்தாக வேண்டும். “நீ போயிட்டா அதும் போச்சு, ஒடம்பப் பாத்துக்க” என்று என் பீடியைப் பிடுங்கிப் போடுவாய். அவ்வளவு சொன்னவன் முந்திக்கொண்டாய். அதற்கப்புறம் கேட்க ஆளில்லை. காலையில் பல் விளக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நடுவில் ஒரு சொல் நின்றுபோனால் அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

உன் மகளுக்கு அதைச் சொன்னேன்.

“தங்கைக்கு அண்ணன் எழுதுவது. ரங்கூன் வந்து சேர்ந்தேன். படத்தில் இருப்பது போன்ற கப்பலில்தான் வந்தேன். சோறு கிடைக்கிறது. செவலைப் பசுவை விற்க வேண்டாம். வந்துவிடுவேன்.”

இதை எழுத வைத்ததற்குக் கோபிக்காதே. இப்போது நான் சொல்லச் சொல்ல டீக்கடைக்காரர் எழுதுகிறார். எனக்கும் வயசாகிறது.

அவள் அட்டையைக் கீழே வைக்கவில்லை. “அவரு வந்தாரா பெரியப்பா?”

அன்று டீக்கடையில் வாசித்து முடித்ததும் நீ கேட்டதும் இதைத்தான். தெரியவில்லையே என்று உனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்.

மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். தானும் சொல்லிப் பார்த்தாள். பசுவை மட்டும் ஒருதரம் விட்டுவிட்டாள், எடுத்துக் கொடுத்தேன்.

இன்று காலை பஸ் படிக்கட்டில் நின்று திரும்பினாள். “போன் பண்றப்பல்லாம் கேப்பேன். அட்டையப் பாத்துக்குங்க பெரியப்பா” என்றாள்.

அட்டை அவள் பையில்தான் இருந்தது.