கோபாலபுரத்துக் கரிசல்

ஜனவரி 21, 2025

கோபாலபுரத்துக்குக் கிழக்கே இன்று குழி வெட்டினோம். வெட்டினோம் என்பது பெரிய வார்த்தை. இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு காலை முழுக்க முட்டினார்கள். மண்ணா, சிமெண்டா? ஆள் உயரத்துக்கு இறங்கினால்தான் அடுக்குகளைப் பார்த்து எழுத முடியும். மதியச் சோற்று நேரத்தில் இடுப்பளவுதான் ஆகியிருந்தது.

நிலத்துக்காரர் கமலாத்தாள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். அறுபதைத் தாண்டியவர். குரல் மட்டும் நாற்பது.

"ஏனுங் அம்மிணி, கெணறா வெட்டறீங்க?"

"இல்லம்மா, மண்ணப் பாக்கத்தான்."

"மண்ணு மேலயே கெடக்குதுங்களே."

சாயங்காலம் ஒருவழியாகக் குழி முடிந்தது. கீழே இறங்கியபின் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. அடிவரை கறுப்பு. இடையிடையே சுண்ணாம்புக் கட்டிகள். அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் பொங்குகிறது. மண்கட்டிகளின் பக்கங்கள் மெழுகு தேய்த்ததுபோலப் பளபளக்கின்றன. நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கி, ஒன்றை ஒன்று உரசிய தடம். மூணார் மாட்டுப்பட்டிக்கு மேலே எஸ்டேட் தொழிலாளர் லயத்தில், துணி காயாத ஈரத்தில் பிறந்தவள் நான். கேரளத்துக்குள் இப்படி ஒரு மண் இருப்பதே வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஜனவரி 23

ஜீப் மறுபடி படுத்துவிட்டது. பஸ்ஸில் மண் மூட்டையோடு நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் மூட்டைக்கு டிக்கெட் கேட்டார்.

பிப்ரவரி 4

கோகுல்நாத் வரைபடத்தைக் காட்டினான். எங்கள் மண் ஆய்வு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவன்தான். என் கரிசல் முழுவதற்கும் பச்சை பூசி வைத்திருக்கிறான். பச்சை என்றால் ஈரப் பிரிவு.

"எதை வச்சு?" என்றேன்.

"மழைக் கணக்கை வச்சுதாங்க்கா."

இந்த மண்ணுக்கு விதி எளிது. சாதாரண வருடத்தில் மூன்று மாதமாவது வெடிப்பு மூடாமல் கிடந்தால் வறள் பிரிவு. அதற்கும் குறைவென்றால் ஈரப் பிரிவு. அவன் வெடிப்பையே பார்க்கவில்லை. மழையிலிருந்து ஊகித்துவிட்டான். மழையை எங்கிருந்து எடுத்தான்? நாட்டையே கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சராசரி போட்ட தரவு. கோபாலபுரம் விழுந்த கட்டத்தில் பாதி நெல்லியாம்பதி மலைச்சரிவு. மலையில் கொட்டுகிற மழையையும் இங்கே கொட்டாத மழையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற மழை எந்த ஊரில் பெய்கிறது? எந்த ஊரிலும் பெய்யாது.

"கட்டம் அப்படித்தானேக்கா இருக்கு, நான் என்ன பண்ண?" என்றான். சிரித்துக்கொண்டே வேறு. அவன் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது.

பிப்ரவரி 6

பெரிய சாரிடம் போனேன். அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம்: கேரளத்தில் ஏது வறண்ட மண்? ஜில்லா முழுக்க ஒரே மாதிரி போட்டுவிட்டால் போதும், மார்ச்சுக்குள் அறிக்கை போகணும்.

கோபாலபுரம் இருக்கிற இந்தச் சித்தூர் தாலுக்காவில் ஒரு கோடையாவது நடந்திருக்கிறாரா? கேட்கவில்லை. கேட்க முடியாது. என் இடமாற்ற விண்ணப்பம் அவர் மேசையில் இருக்கிறது. அம்மாவுக்கு மே மாதத்தோடு கொழுந்து பறிக்கிற வேலை முடிகிறது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்யணும். எனக்கு மூணார் பக்கம் மாற்றல் கிடைத்து, ஒரு குவார்ட்டர்ஸும் கிடைத்தால் அம்மா மலையிலேயே இருந்துவிடலாம். இது அவருக்குத் தெரியும். தெரியும் என்பதை மேசைமேல் விரலால் தட்டிக் காட்டினார்.

பிப்ரவரி 19

வெடிப்பு அளக்கப் போனேன். முழங்கை வரை உள்ளே போகிறது. நிமிர்ந்தால் கமலாத்தாள். இந்த முறை வேடிக்கை பார்க்க வரவில்லை.

"எங்க காட்ட வறண்ட காடுன்னு எழுதறீங்களாமா?"

ஆபீஸ் விஷயம் கோபாலபுரம் வரை எப்படி வந்தது? கோகுல்நாத் வாய்தான். வேறு யார்?

அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. ஈரப் பிரிவு என்று வந்தால் இந்தப் பகுதி பாக்குக் கன்று திட்டத்தில் சேரும். கன்று தருவார்கள், போர் போட்டுத் தருவார்கள். கோயமுத்தூர் மில் வேலையை விட்டு மகன் சந்துரு அதை நம்பித்தான் ஊருக்கு வந்திருக்கிறானாம்.

"அம்மா, மண்ணு எப்படி இருக்கோ அப்படித்தான் எழுத முடியும்."

"மண்ணு எங்களுதுங். எழுத்து மட்டும் உங்களுதா?"

மண்ணைப் பற்றி எழுதுகிறவளை அந்த மண்காரியே விரட்டுகிறாள். ஆபீசிலும் திட்டு, காட்டிலும் திட்டு. பிறகு யாருக்காக நான் வெயிலில் கிடக்கிறேன்?

மார்ச் 2

வெடிப்பு அப்படியே. என் மூக்குத்தோல் உரிகிறது.

மார்ச் 14

நேற்று இடியோடு மழை. விடிந்ததும் ஓடினேன். வெடிப்பு மூடியிருந்தால் என் வாதம் அவ்வளவுதான். மேலே கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. கம்பியை இறக்கிப் பார்த்தேன். மேல்தோல் மட்டும்தான் நனைந்திருந்தது. அதற்குக் கீழே கம்பி தடையில்லாமல் இறங்கியது. அடி மண் உதிர்ந்தது. இதைப் படம் எடுக்க ஆள் இல்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். எடுத்த படம் எல்லாவற்றிலும் என் கட்டைவிரல்.

ஒரு மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாத வேலை இது. சுற்றிலும் எல்லா முகத்திலும் சிரிப்பு. நான் மட்டும் துக்க வீட்டுக்காரி மாதிரி.

மார்ச் 27

ஆற்று மதகு ஷட்டர் அருகே ஒரு மழைமானி பல வருடமாக இருக்கிறது. கரிசலுக்கு நடுவிலேயே. அதன் கணக்கைக் கேட்டு நாலாவது தடவை அலைந்தேன். முதல் தடவை ஆள் லீவு. பிறகு சாவி இல்லை. பிறகு கடிதம் எங்கள் ஆபீசிலிருந்து வரணும் என்றார்கள். கடிதத்தோடு போனால், தேதி சரியில்லை. இன்று அங்கே ஜொஹரா என்று ஒரு புது கிளார்க். "இதுக்கா இத்தன நடை?" என்று அப்போதே பிரதி எடுத்துத் தந்துவிட்டாள். கோபப்படத் தயாராகப் போயிருந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

கூட்டிப் பார்த்தாயிற்று. இங்கே பெய்வது கோகுல்நாத் கட்டத்தில் பாதிகூட இல்லை. மழை வருவதும் அக்டோபர், நவம்பரில்தான் அதிகம். மற்ற கேரளத்தைப் போல இல்லை.

ஏப்ரல் 9

சார் என் அறிக்கையைப் பார்த்தார். 'வறள்' என்ற இடங்களில் சிவப்பு மை. திருத்திக் கையெழுத்திடச் சொன்னார்.

"தரவு இருக்கு சார்."

"தரவு எனக்கும் இருக்கு. உன் இடமாற்ற விண்ணப்பத்தை நான் மேலே அனுப்பணும், அது ஞாபகம் இருக்கா?"

இவ்வளவு பச்சையாகச் சொல்வார் என்று நினைக்கவில்லை. மேலிருந்து பரிசீலனைக் குழு வந்து மண்ணைப் பார்த்து முடிவு சொல்லட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அது என் உரிமை, விதியில் இருக்கிறது. அவர் படித்துவிட்டுக் காற்றாடியைப் பார்த்தார்.

ஏப்ரல் 10

அம்மாவுக்குப் போன் செய்தேன். மழுப்பிச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். முழுக்கக் கொட்டிவிட்டேன்.

"நீ உள்ளத எழுது. நா எங்கயாச்சும் கெடந்துக்கிடுதேன்" என்றாள்.

எங்கேயாவது என்றால் எங்கே? கொஞ்சம் அழுதால் என்ன, கொஞ்சம் திட்டினால் என்ன? இப்படிச் சொல்கிறவளை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணட்டும்? எரிச்சலில் போனை வைத்துவிட்டேன். பிறகு கூப்பிட்டால் எடுக்கவில்லை. தூங்கியிருப்பாள். அவளால் தூங்க முடியும்.

ஏப்ரல் 29

குழு வந்தது. இரண்டு பேர். நடுவயதுப் பெண் ஒருவர்தான் தலைவர், பேச்சே கிடையாது. காட்டுக்குப் போனால் கம்பி வேலிப் படல் சாத்தியிருக்கிறது. உள்ளே கமலாத்தாள், பக்கத்தில் சந்துரு.

"உட மாட்டனுங்க. எங்களக் கெடுக்கறதுக்கு எங்க காடே கேக்குதுங்களா?"

பெரிய சார் முகத்தில் ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. படலுக்கு இந்தப் பக்கம் நின்றே கத்தினேன். கத்தினேன் என்றுதான் எழுதணும்.

"அம்மா, பாக்குக்குக் கோடை பூரா தண்ணி வேணும். இந்த மண்ணு வெடிக்கும்போது வேரை அறுத்துப் போடும். போர்ல தண்ணி வத்திருச்சுன்னா மூணாம் வருஷம் என்ன செய்வீங்க? கன்னு குடுக்கறவங்க அப்ப வர மாட்டாங்க. நானும் இங்க இருக்க மாட்டேன்."

கமலாத்தாள் என்னைப் பார்த்தார். "இத ஏனுங் மொதல்லயே சொல்லல?"

ஏன் சொல்லவில்லை? உப்புவதும் சுருங்குவதும் எழுதினேன், பிரிவு எழுதினேன். பாக்கு செத்துப்போகும் என்று ஒரு வரி யாரிடமும் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு வேண்டியது அதுதான்.

படலைத் திறந்தது சந்துரு. "பாத்துட்டுப் போகட்டும்மா" என்றான். கமலாத்தாள் உள்ளே விட்டாலும் வாயை விடவில்லை. குழுத் தலைவரிடமே, "எப்படியாச்சும் ஈரமுன்னு எழுதுங்க சாமி" என்றார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு வெடிப்புக்குள் டேப்பை விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. மழைமானிக் கணக்கைக் கேட்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்து வாசித்தார். எழுந்து, "வறள்" என்றார். அவ்வளவுதான். இத்தனை மாதச் சண்டைக்கு ஒரு சொல்.

சார் ஜீப்பை எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார், நான் பஸ்ஸில் வந்தேன்.

மே 12

இடமாற்றப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. விண்ணப்பம் மேலே போகவே இல்லையாம். கோகுல்நாத்தான் விசாரித்துச் சொன்னான். சிரிக்காமல் சொன்னான்.

மே 31

அம்மாவின் கடைசி நாள். மலைக்குப் போனேன். கூட வேலை பார்க்கும் முத்துப்பேச்சி சித்தி ஒரு சேலை தந்தார்கள். அம்மா கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை காலியாக இருப்பது பிடிக்காமல் என் பையை வாங்கிக்கொண்டாள். மழை இந்த வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. நனைந்துகொண்டே சாமான் கட்டினோம். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி பண்ணணும். என் சித்தூர் அறையில் ஒரு கட்டிலுக்குத்தான் இடம்.

ஜூன் 4

மூன்று வீடு பார்த்தேன். ஒன்றில் தண்ணீர் இல்லை. ஒன்றில் வேதக்காரர்களுக்கு, எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்குத் தர மாட்டார்களாம், முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். மூன்றாவது இரண்டாம் மாடி, அம்மா முட்டியை வைத்துக்கொண்டு ஏற முடியாது. யாரையாவது அடிக்கவேண்டும் போல இருக்கிறது.

ஜூன் 6

கமலாத்தாள் போன் செய்தார். திட்டத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"அம்மிணி, ஊடு தேடறீங்களாமா? எங்க காட்டுக்குள்ள ஒண்ணு பூட்டிக் கெடக்குது. அம்மாளக் கூட்டிட்டு வந்துருங்க."

மறுபடி கோகுல்நாத் வாய். இந்த முறை திட்ட முடியவில்லை.

"என் மேல கோவம் இல்லீங்களா?"

"கோவந்தான். அதுக்கு ஊட்டப் பூட்டி வெச்சு என்னங் பண்றது?"

அம்மாவிடம் சொன்னேன். "காட்டுக்குள்ளயா? ஆனை வருமாட்டி?" என்று பயந்தாள். இந்த ஊரில் காடு என்றால் தோட்டம் என்று புரிய வைப்பதற்குள் சார்ஜ் தீர்ந்தது.

ஆகஸ்ட் 17

நாங்கள் குடிவந்த காட்டு வீட்டைச் சுற்றிச் சந்துரு மக்காச்சோளம் போட்டிருக்கிறான். இடுப்புக்கு வந்துவிட்டது. பாக்கைப் பற்றிப் பேசுவதில்லை. கமலாத்தாள் பேசுகிறார், மேற்கே யாருக்கெல்லாம் கன்று கிடைத்தது என்று என் காதில் விழும்படி.

இடமாற்றத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னால், "இப்பத்தான் அடுப்பு போட்டிருக்கேன், சும்மா கெட" என்கிறாள்.

இன்று வேறு தகராறு. வாசல் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. அடியில் தரை முட்டுகிறது.

"மண்ணு படிச்சவதான நீ? இது ஏன்டி சாத்த மாட்டேங்குது?" என்றாள் அம்மா.

"மழையில மண்ணு உப்பித் தரையைத் தூக்கிருச்சும்மா. கோடையில தானா எறங்கிரும்."

"கோடை வரைக்கும் தொறந்து போட்டுத் தூங்கவா?"

கமலாத்தாள் சந்துருவை இழைப்புளியோடு அனுப்பினார், பின்னாலேயே தானும் வந்தார். கதவை இழைக்காதீர்கள், மண் சுருங்கியதும் கீழே பெரிய சந்து விழும் என்று மூன்று பேருக்கும் விளக்கினேன். கையால் உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டினேன். அம்மாவும் கமலாத்தாளும் ஆளுக்கொரு பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு, அவன் எவ்வளவு இழைக்கணும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கதவு இப்போது நன்றாகச் சாத்துகிறது. மார்ச்சில் அடியில் பூனை நுழையும்.