சட்டைப்பைக்குள் ஒரு ரிமோட்

ஏப்ரல் 19, 1999
குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நாலு கம்பமும் நட்டாயிற்று. ஒவ்வொன்றிலும் சிவப்பு விளக்கு, பஸ்ஸர். எது எரியும் என்பதை சர்க்யூட் தன்போக்கில் தீர்மானிக்கும். ஓடிப்போய் முதலில் தொடுகிறவருக்குப் பாயின்ட். கம்பெனியில் டிவி போர்டு பற்றவைத்தே வயதானவன், முதல் தடவையாக ஆசைப்பட்டு ஒன்றைச் செய்திருக்கிறேன். எல்லாம் ஜெஸிக்காகத்தான். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிய என் மகள், ஒன்பது வயது வரை மதகில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது போதும்.

ஏப்ரல் 21
இன்று அவளும் ஓடினாள். எல்லாவற்றிலும் கடைசி. பக்கத்து வீட்டு மலையாளிப் பையன் பிபின், "ஜெஸி, வேகம் வா!" என்று கத்தினான். எனக்குப் பொறுக்கவில்லை.

ஏப்ரல் 23
சாலைக் கடைத்தெருவில் பொம்மைக் கார் வாங்கி, அதன் ரிமோட்டை சர்க்யூட்டில் இணைத்தேன். சட்டைப்பைக்குள் அழுத்தினால் நான் நினைத்த கம்பம் எரியும். ரத்னாபாயிடம் சொல்லவில்லை. மனைவியிடம் ஏன் மறைக்கவேண்டும்? திட்டுவாள் என்று தெரியும், அதனால்தான்.

ஏப்ரல் 26
"அப்பா, பிபினைத் தோப்பிச்சேன்!" சாப்பிடும்போதும் அதே பேச்சு.

மே 3
எழுதவே கூசுகிறது. ஓடும்போது ஜெஸி தடுக்கி விழுந்தாள். பதறிப்போய் அழுத்திவிட்டேன். அவள் ஓடிய கம்பம் பாதியில் அணைந்து, விழுந்து கிடந்தவளின் கைக்கெட்டும் தூரத்தில் வேறு விளக்கு எரிந்தது. கையை நீட்டினால் போதும் — நீட்டவில்லை. திரும்பி என் சட்டைப்பையைப் பார்த்தாள். என் கை அதற்குள் இருந்தது.

"கள்ளக்களி!" என்றான் பிபின், கள்ள ஆட்டமாம். பிள்ளைகள் முறைத்தது அவளைத்தான், என்னை அல்ல.

வீட்டில் கேட்டாள்: "அப்போ நான் ஒருக்கா கூட ஜெயிக்கல்ல, இல்லியா அப்பா?"

 

மே 4
அவள் வெளியே போகவில்லை. ரத்னாபாய் சொன்னாள்: "பிள்ளைக்கு காலுதான் வய்யாது, மனசுக்கு ஒண்ணுமில்ல. அவ தோத்தா உங்களுக்குத்தான் வெட்கம்."
உண்மை.

மே 5
ரிமோட்டைக் கழற்றிவிட்டேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "ஜெஸிக்கு ஒன்றும் தெரியாது, செய்தது நான்" என்றேன். அந்தப் பொடிசுகள் முன்னால் தலை நிமிரவில்லை.
பிபின் கேட்டது ஒன்றே: "ஜெஸி இனி வருமோ, அங்கிள்?"

மே 9
பிபின் வாசலில் நின்று கூப்பிட்டான். போனாள். நான் ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை. பஸ்ஸர் சத்தமும் கூச்சலும் கேட்டுக்கொண்டே இருந்தன. முட்டியில் சிராய்ப்போடு வந்து சோற்றில் கை வைத்தாள். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை.

"எத்தனை பாயின்ட்?"

"ஒண்ணுமில்ல. எல்லாத்திலயும் கடைசி." வாய் நிறையச் சோறு, சிரிப்பு வேறு. "நாளைக்கும் நீங்க வரண்டாம் அப்பா, கேட்டீங்களா?"

சரி மக்களே என்றேன் அவளிடம்.