பெயர் வெட்டாத துப்பாக்கி

அண்ணா,

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் என் கையில் காறல் தேங்காயெண்ணெய் வாடை போகவில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன். வழக்கம்போல் முதலில் பிள்ளைகள் சேதி. பெரிய பேத்தி கயல்விழி நர்ஸ் படிப்பை முடித்துக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பேரன் சரவணன் தட்டாஞ்சாவடிக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. சின்னவள் ஓவியத்தில் முதல் பரிசு வாங்கினாள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய என் வீட்டில் இத்தனை. பிரான்சில் நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் இதையெல்லாம் உனக்கு எழுதாமல் எனக்கு நடந்ததாகவே ஆவதில்லை.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது சாக்கில் சுற்றிய உன் துப்பாக்கியை இறக்கினார்கள். அம்மா வைத்த இடத்திலேயே இருந்தது. நான்தான் அந்த மூலைப் பக்கம் பார்ப்பதில்லை. அம்மாவின் எண்ணெய்க் குப்பியிலிருந்து எடுத்து நீ துடைத்தாயே, அந்த எண்ணெய்தான் பிசினாகி என் கையில் ஒட்டிக்கொண்டது.

அதை நீ கொண்டுவந்த சாயங்காலம் நினைவிருக்கிறது. நீ தோட்ட வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்கார முசியே ஊரைவிட்டே போகிற வாரம். நீ கோணிச் சாக்கோடு கொல்லைப்புறமாக வந்தாய். வாசல் இருக்கும்போது கொல்லை எதற்கு? எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது.

அப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு அண்டாவிலும் தவலையிலும் அவர் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்குப் போன பாத்திரம் திரும்பி வந்தால் கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். பெயர் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தால் எவனோ அரத்தால் ராவி அமுக்கப் பார்த்தான் என்று அர்த்தம். அந்தக் கட்டைவிரலைத்தான் உன் துப்பாக்கிக் குழல் நெடுகவும் ஓட்டினார்.

"பேரு எங்கடா?"

"பேரே இல்லப்பா. முசியேகிட்டயே அப்படித்தான் இருந்திச்சி. கொண்டுபோவ முடியாதுன்னு குடுத்தாரு."

"வெள்ளக்காரன் ஊட்டு சாமான் பேரில்லாம இருக்குமா? எங்க ராவின?"

நீ துப்பாக்கியைத் திரும்பச் சாக்கில் சுற்றத் தொடங்கினாய். எங்களுக்கு அதுவே பதிலாகிவிட்டது. அதற்குப் பிறகு அப்பா உன்னோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. நீ பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறியபோதும் வாசலுக்கு வரவில்லை. சாகிற வரை உன் பெயரை எடுக்கவில்லை. நான் மட்டும் என்ன? கடிதம் எழுதினேன், ஆனால் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாய் என்று பயம்.

துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று கயல்விழி ஒரே பிடியாக நின்றாள். சரவணன் என்னை வண்டியில் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனான். அங்கே ரைட்டரிடம் ஒரு பாரம் இருந்தது. கம்பெனி பெயருக்கு ஒரு கட்டம், எண்ணுக்கு ஒரு கட்டம், யாருடையது என்பதற்கு ஒரு கட்டம். அவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்பர ராவிட்டாங்க போலிருக்கே ஆயா. யாரு வேலை இது?"

சிரித்துக்கொண்டே 'எண் அழிக்கப்பட்டது' என்று எழுதப் போனார். இத்தனை வருஷம் நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்ததும் அதேதான். ஆனால் அது காகிதத்தில், உன் பெயருக்குப் பக்கத்தில் ஏறப்போகிறது என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. துப்பாக்கி வேலை தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொன்ன பிறகு எழுதுங்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வங்கிக் காவலாளிகளின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற பாய் ஒருவரை வரவழைத்தார்கள். நல்ல பொருளை மட்டம் என்று சொல்லித் தட்டிக்கொண்டு போவாரோ என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரைத் தேடவே இல்லை. முதலில் சுத்தியல் மாதிரி இருந்த பாகத்தின் மூக்கைப் பார்த்தார்.

"இது தோட்டாவோட நடுவுல அடிக்காதும்மா, ஓரத்துல அடிக்கும். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் போடலாம். தோட்டத்துல அணில், காக்கா வெரட்ட வச்சிருப்பாங்க."

முசியே தோட்டத்தில் சுட்ட பிறகு மிஞ்சிய பித்தளைக் குப்பிகளை எனக்குச் சொப்பு வைத்து விளையாடக் கொடுப்பாயே, எல்லாவற்றிலும் ஓரத்தில் நகம் பதிந்த மாதிரி ஒரு நசுங்கல் இருக்கும். அதை நினைத்துக்கொண்டேன்.

பிறகு திருகாணியைக் கழற்றிக் குழலை மரத்திலிருந்து பிரித்தார். அடிப்பக்கம், மரம் மறைத்த இடத்தில், முட்டை வடிவில் மிளகளவு ஒரு முத்திரை. செய்த ஊரில் சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமாம். இந்த மாதிரிச் சின்னத் துப்பாக்கிகளைப் பெயர் போடாமலே மொத்தமாகச் செய்து கடைகளுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

நான் விடவில்லை. "மேல பேரு இருந்து ராவியிருந்தா?"

அவர் கோபப்படாமல் குழலை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தார். "நீங்களே பாருங்க. ராவின எடத்துல வெளிச்சம் பள்ளத்துல எறங்கி ஏறும்."

குழல்மேல் வெளிச்சம் ஒரு நூல்போல் ஓடியது. திருப்பச் சொன்னேன். மறுபடி திருப்பச் சொன்னேன். எங்கேயும் நூல் வளையவில்லை. கட்டைவிரலையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அன்றைக்கு அப்பாவின் விரலுக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. கிடைக்காததால்தான் நீ சாமர்த்தியமாக ராவியிருக்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டார்.

முசியே கொடுத்தாரா இல்லையா என்பதற்கு இது சாட்சி ஆகாது. அது எனக்கும் தெரியும். ஆனால் உனக்கு எதிராக எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்த ராவின இடம்தான். அப்படி ஓர் இடமே இல்லை, அண்ணா. 'பெயர், எண் முதலிலிருந்தே இல்லை' என்று ரைட்டர் எழுதினார். சரவணனை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு இல்லை, கையெழுத்தே போட்டேன்.

வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய படங்களையெல்லாம் பாயில் பரப்பினேன். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் புதுப் படம் கேட்பேன், நீயும் சளைக்காமல் அனுப்பினாய். தங்கைக்கு உன்மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்திருப்பாய். எதற்குக் கேட்டேன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பின்னால் என்ன சாமான் இருக்கிறது, அது யாருடையதோ என்று பார்க்கத்தான். சுவர்க் கடிகாரம், ரேடியோப் பெட்டி, பூப்போட்ட திரை, எது எப்போது வந்தது என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். உன் தலை எந்தப் படத்தில் நரைக்கத் தொடங்கியது என்று கேட்டால் தெரியாது.

அப்பாவின் கட்டைவிரல் என்னிடம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் எது கொண்டுவந்தாலும் இன்னமும் முதலில் தடவித்தான் பார்க்கிறேன். இனிமேல் விடுவேன் என்று சொல்ல மாட்டேன், விட முடியுமா தெரியவில்லை.

புதுப் படம் ஒன்று அனுப்பு, அண்ணா. இந்தத் தடவை உன் முகத்தை மட்டும் பார்க்கிறேன்.