பூச்சியத்தில் படுத்த கோடு

நேற்று தென்காசியில் அக்கா மகள் கல்யாண வீடு. மாடியறையில் பெண்கள் நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய். நம் ஆய்வகத்து வெள்ளிப் பசைக்கும் இதே நெடிதானே! அவ்வளவு கூட்டத்திலும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

மயிரிழையைவிட மெல்லிய தங்கக் கம்பியை அந்தப் பசையால் மாங்கனீசுச் சேர்மத் துணுக்கில் நீதான் ஒட்டுவாய். பிறகு அதை இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து நெருக்கி, குளிர வைப்போம். நெருக்க நெருக்க உள்ளேயிருக்கும் காந்த ஒழுங்கு தளரும். அது மறையப்போகும் விளிம்பில் மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும் என்று நம்பினோம். திரையில் தடையைக் காட்டும் கோடு இறங்கவே இறங்காது; எனக்கு ஏது பொறுமை? "இந்தச் சனியன் இறங்காதுட்டி" என்பேன். "காந்தமும் ஒன்ன மாதிரி பிடிவாதக்காரிதான். நெருக்குனாத்தான் வழிக்கு வருவா" என்று சிரிப்பாய்.

ஒரு சாரல் காலத்தில் சேர்ந்து ஊருக்கு வந்து, குற்றாலம் பேரருவியில் நின்றோம். தண்ணீர் மண்டையில் அறைய அறைய, "ஏட்டி, இதுக்கே என் கழுத்து ஒடியுது, நம்ம மாங்கனீசு பாவம்லா!" என்று கத்தினாய். பக்கத்தில் குளித்தவர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிறகு உனக்கு நோய் வந்தது. இலஞ்சியில் உன் அம்மா வீட்டில் படுத்தபடியே தினமும் போனில் ஒரே கேள்வி: "இறங்குச்சா?" ஒரு நாள் தடை திடீரெனப் பாதியாகச் சரிந்தது. துள்ளிக்கொண்டு சொன்னேன்.

"ஜீரோ ஆச்சா?"

"இல்லட்டி."

"அப்ப எனக்காவ ஆச்சுன்னு சொல்லிராத. இன்னுங் கொஞ்சம் நெருக்கு. நான் இருக்கேன்லா."

இருக்கவில்லையே, பாவி. நீ போன அடுத்த மாதம்தான் கோடு சரிந்து பூச்சியத்தில் படுத்தது. உண்மையான மீகடத்தி நிலை என்றால் காந்தப்புலத்தில் கலைய வேண்டும்; அதையும் பார்த்தோம், கலைந்தது, சந்தேகத்துக்கே இடமில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு நீ வேண்டும் போல இருந்தது. என் விரல் தன்னால் உன் எண்ணை அழுத்திவிட்டது.

எடுத்தது உன் அம்மா. "இறங்கிட்டும்மா" என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. எது இறங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது. நீ எதற்கோ காத்துக் கிடந்தது தெரியும். "சரிம்மா, அவகிட்ட சொல்லிருதேன்" என்றார்கள்.

உன் போனை அவர்கள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்த அளவீடு முடிந்தாலும் நான் முதலில் அங்கேதான் சொல்கிறேன்.