படத்தின் கீழே ஒரு சொல்

மே 9
கண்காட்சிக்கு நான் எடுத்த முப்பது புகைப்படம் கொடுத்தேன். முப்பதையும் பார்த்துவிட்டு எலோயிசா, "எல்லாம் மரம், சாம்பல், புகை. மனுஷன் எங்க, டல்வினா?" என்று என்னைக் கேட்டாள். சாவோ பாவ்லோவில் உட்கார்ந்து கண்காட்சி அமைப்பவள், அவளுக்கென்ன, கேட்டுவிடுவாள். தீயும் காடும் பற்றிய கண்காட்சியில் தீ வைக்கிற ஆள் ஒருவன் வேண்டுமாம். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான். என் அண்ணன்.

மே 17
ஊருக்கு வந்தேன். அண்ணன் அடெனில்சன் வருஷா வருஷம் செய்வதுபோல் பனைகள் நிற்கிற சதுப்பு நிலத்தைச் சுற்றிப் புல்லைக் கொளுத்திக்கொண்டிருந்தார். மழை விட்டு ஒரு மாதம்தான். புல் பாதி காய்ந்திருக்கிறது. மாலை நாலு மணிக்கு வைத்தால் பனி இறங்கியதும் தானே அணைந்துவிடும். இப்போது பட்டை பட்டையாகக் கொளுத்திவிட்டால், செப்டம்பரில் வருகிற பெருந்தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. சதுப்பு தப்பும், அதற்குள் இருக்கிற ஊற்றும் தப்பும். ஊர் குடிப்பது அந்த ஊற்றைத்தான்.

கிழக்கும் வடக்கும் முடிந்துவிட்டன. மேற்கு பாக்கி, அங்கே புல் இன்னும் பச்சை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்.

ஓலைப் பந்தத்தோடு அவர் நிமிர்ந்தபோது எடுத்தேன். முகம் முழுக்கச் சிவப்பு. நல்ல படம். மிக நல்ல படம்.

"பட்டணத்துக்காரங்க பாத்தா என்னைப் பைத்தியக்காரன்னு நெனைப்பாங்க. எதுக்கு வைக்கிறோம்னு எழுதிரு தங்கச்சி."

"எழுதாம விடுவேனா" என்றேன்.

மே 28
சுவரில் ஒட்டப்போகிற வாசகங்களை அனுப்பியிருந்தாள். அண்ணன் படத்தின் கீழே நான் எழுதிய ஏழு வரி இல்லை. ஒரே சொல்: அழிப்பவன்.

போன் செய்தேன். "ஏழு வரிய நின்னு யாரு படிப்பா?" என்றாள். அது எங்கள் அண்ணன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், நுழைந்ததும் எதிரே தெரிகிற பெரிய சுவர் என் படத்துக்குத்தான் என்றாள்.

சரி என்றேன். சரின்னுட்டேன்.

ஜூன் 6
திறப்பு விழா. கூட்டமெல்லாம் அந்தப் படத்தின் முன்னால்தான். "இவனையெல்லாம் உள்ள தள்ளணும்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். கையில் வைன் கோப்பையோடு தலையாட்டினேன்.

ஜூன் 14
படம் செய்தித்தாளில் வந்தது. அதே சொல்லோடு.

ஜூன் 23
அண்ணி பேசினார். வனத்துறை வண்டி வந்ததாம். செய்தித்தாளைக் காட்டி, இது நீதானே என்றார்களாம். இனி ஒரு தீக்குச்சி கிழித்தாலும் சிறை என்று கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள்.

மேற்குப் பக்கம்? "யாரு போய் வைப்பா? ஊரே நடுங்கிக் கெடக்கு."

அண்ணனிடம் கொடுங்கள் என்றேன். வெளியே போயிருக்கிறார் என்றார். பின்னால் அவர் இருமுவது கேட்டது.

ஜூலை 2
மாநிலத் தலைநகர் பால்மாஸில் வனத்துறை அலுவலகம். அந்தத் தீ எதற்கு என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பொறுமையாகத்தான் படித்தார். "இதுலயும் உங்க பேரு. அந்தப் படத்துக்குக் கீழயும் உங்க பேரு. எதை நம்பச் சொல்றீங்க?"

ஆகஸ்ட் 20
மேற்கே புல் இடுப்பளவு காய்ந்து நிற்கிறதாம்.

செப்டம்பர் 11
எரிந்துவிட்டது. சாலையோரத்திலிருந்து கிளம்பிய தீ, மேற்குப் புல்லில் ஏறிச் சதுப்புக்குள் இறங்கிவிட்டது. சதுப்பின் அடியில் மட்கிக் கிடந்த கரிமண் உள்ளுக்குள்ளேயே நாலு நாள் எரிந்ததாம். ஊற்று வற்றிவிட்டது.

நாந்தான். வெயில் என்ன செய்யும், காத்து என்ன செய்யும். அன்னைக்குப் போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா — சொல்லலையே.

கண்காட்சியை இரண்டு மாதம் நீட்டித்திருப்பதாக எலோயிசா சந்தோஷமாகச் சொன்னாள். படத்தை இறக்கு என்றேன். "இப்பவா? இப்பதான் அதுக்கு அர்த்தமே வந்திருக்கு."

நவம்பர் 3
ஊரில் லாரித் தண்ணீர். அண்ணன் காபி கொடுத்தார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏழு வரி எழுதினேன் அண்ணே."

"சரி. அதை எடுத்தப்ப சும்மா இருந்தியா?"

"இருந்தேன்."

கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "காபி ஆறுது, குடி" என்றார்.

மே 22
வடக்கே மிஞ்சிய பனைகளைக் காக்க இந்த வருஷம் வனத்துறையே புல்லைக் கொளுத்துகிறது. சீருடைபோட்ட ஏழு பேர். அண்ணனைச் சேர்க்கவில்லை, கோப்பில் பெயர் இருக்கிறதாம். வேலிக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றார்.

"காத்து திரும்புது. ஒரு மணி நேரம் பொறுக்கணும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

போய்ச் சொல்லுங்கள் என்றேன். அசையவில்லை. நான் போனேன். அண்ணன் சொன்னார் என்றுதான் சொன்னேன், இரண்டு தடவை. குழுத் தலைவன் வேலிப் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தப் படம் எடுத்தது நீங்கதானே மேடம்? அதைப் பாத்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்" என்றான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பந்தத்தை அணைத்தான்.