நாளை வந்து எடுத்துவிடுகிறேன்

ஜூன் 2, திங்கள்

என் நாற்காலி இன்றும் கீச்சென்றது. எண்ணெய் விடச் சொல்லி மூன்று மாதமாக எல்லோரும் சொல்கிறார்கள். மாட்டேன். பதினோரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு அதே கம்பெனிக்குத் திரும்பி வந்தவள் நான். ஆபீஸ் நாற்காலி கீச்சிடுவதைக் கேட்டாலே எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. கொஞ்ச நாள் கீச்சிடட்டும்.

வெள்ளிக்கிழமையோடு என் மூன்று மாத சோதனைக்காலம் முடிகிறது. அப்புறம் நிரந்தரம், இல்லையென்றால் டாட்டா.

அதற்கென்றே காத்திருந்த மாதிரி இன்று காலை ஒரு வம்பு. எங்களுக்கு ஏழு கண்ணாடிக் கடைகள். கடையில் கண் பவரைத் தட்டினால் அது எங்கள் ஆர்டர் சர்வருக்கு வரும். ஆர்டர் சர்வர் அதைப் ‘பெட்டகம்’ என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் இன்னொரு சர்வரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். லென்ஸ் தேய்க்கும் மிஷின் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இன்று ஒரு ஆர்டர்கூடப் பெட்டகத்துக்குப் போகவில்லை. ஒரே அறையில், கையெட்டும் தூரத்தில், இரண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

போன மாதம் பெட்டகத்தைப் புது அலமாரிக்கு மாற்றினார்கள். நெட்வொர்க்கில் அதன் விலாசமான எண்ணும் மாறியது. முன்பு 40, இப்போது 140. ஒரு மாதம் இரண்டு எண்ணும் வேலை செய்தன. நேற்று, எங்கள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் காண்ட்ராக்ட் கம்பெனி பழைய எண்ணை எடுத்துவிட்டது. போன் போட்டுக் கேட்டேன். “எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்” என்றாள் அங்கே போன் எடுத்த பெண். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

மேனேஜர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே வந்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா மொத்தத்தையும் அவங்ககிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பா எப்படி எடுத்துக்கொள்வது? என் வேலை போகும், அவ்வளவுதானே!

பயமாக இருக்க வேண்டும். ஆனால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஜாலியாக இருக்கிறது. எனக்கே எனக்கென்று ஒரு கோளாறு.

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டரைக்கே போய்விட்டேன். வரவேற்பு அக்கா வந்துதான் சர்வர் அறைச் சாவி தருவார், நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அவர் வரும்வரை என் லேப்டாப்பிலிருந்தே ஆர்டர் சர்வருக்குள் நுழைந்து, பெட்டகத்துக்கு ஒரு பிங் தட்டினேன். ‘இருக்கியா?’ என்று கேட்பதுதான் பிங். ஆள் இருந்தால் ‘இருக்கேன்’ என்று பதில் வரும்.

பதில் இல்லை.

சாவி வாங்கிப் போய்க் கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். மறுபடி கேட்டேன். இருக்கேன், இருக்கேன், இருக்கேன்! துள்ளிக் குதித்தேன். தலை அலமாரியில் இடித்தது. ஆனால் ஆர்டரை அனுப்பினால்? ‘இணைப்பு மறுக்கப்பட்டது.’

அதெப்படி? இருக்கேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினால் என்ன அர்த்தம்?

பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் டைரக்டரி சர்வரையும் கேட்டுவிட்டேன். ‘பெட்டகம் எண் என்ன?’ 140 என்று டக்கென்று சொன்னது. அதிலும் தப்பில்லை. மற்ற எல்லா கம்ப்யூட்டரும் பெட்டகத்தோடு கொஞ்சிக் குலாவுகின்றன. இந்த ஒன்றுதான் முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

ஆர்டர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு தேய்க்கும் அறைக்கு ஓடினேன். மாஸ்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பழைய ஆட்களில் மிச்சம் இருப்பவர் இவர் ஒருவர்தான். “இது ஏழா, ஒண்ணாம்மா? உங்க எழுத்தைப் படிக்கவே எனக்கொரு கண்ணாடி வேணும் போலயே!”

ஜூன் 4, புதன்

இன்றும் அதே கூத்து. எட்டரைக்குப் பதில் இல்லை, ஒன்பதரைக்குப் பதில் உண்டு, கதவு மட்டும் திறக்கவில்லை. சர்வருக்கும் ஆபீஸ் நேரமா? என் வீட்டுக்காரர், “மேடம் இன்னிக்கு சாம்பார்ல உப்பை ரெண்டு தடவை போட்டிருக்காங்க” என்று மகளிடம் புகார் சொன்னார்.

ஜூன் 5, வியாழன்

ஐயோ, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் ஒரு மணி. சாவிக்காக வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். மடியில் லேப்டாப், அதில் பிங் ஓடிக்கொண்டே இருக்கிறது. இருக்கேன், இருக்கேன். அக்கா டிபன் டப்பாவைத் திறந்தார். “சாப்பிடற நேரத்திலயாவது நிம்மதி வேணும்டா சாமி” என்று ரிமோட்டை எடுத்துச் சுவரில் இருந்த டிவியை அணைத்தார்.

பிங் நின்றது.

நான் டிவியைப் பார்த்தேன், லேப்டாப்பைப் பார்த்தேன். “அக்கா, டிவியைப் போடுங்க.”

“ஏம்மா, நீயுமா சீரியல் பாக்கறே?”

“போடுங்க அக்கா!”

போட்டார். அரை நிமிஷம் ஆனது. இருக்கேன், இருக்கேன்!

“அணைங்க!” நின்றது. “போடுங்க!” வந்தது. “அணைங்க!” அக்கா ரிமோட்டை என் மடியிலேயே போட்டுவிட்டார். “இந்தா, நீயே வச்சுக்கோ. சோறு ஆறிப் போகுது.”

மூன்று நாளாக ‘இருக்கேன், இருக்கேன்’ என்று எனக்குப் பதில் சொன்னது பெட்டகம் இல்லை. வரவேற்பறை டிவி! பழைய 40 காலியானதும், எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் ரவுட்டர் அந்த எண்ணைத் தூக்கி இந்த டிவிக்குக் கொடுத்துவிட்டது. அக்கா காலையில் வந்து டிவி போட்டால் பதில், போடாவிட்டால் இல்லை. ஏழு கடை வாடிக்கையாளர்களின் கண் பவரை எல்லாம் நான் ஒரு டிவியிடம் கொண்டுபோய் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அது பாவம், வாங்கி என்ன செய்யும்?

பதில் வரும் வரியிலேயே எண்ணும் இருந்தது. 40 என்று கொட்டை எழுத்தில். பதில் வருகிறதா என்று பார்த்தேனே தவிர, யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. மக்கு, மக்கு.

சரி. டைரக்டரி 140 என்று சொல்கிறது. ஆர்டர் சர்வர் மட்டும் ஏன் 40-க்கே போகிறது? யாரையும் கேட்காமல் போகிறதென்றால் அதன் சட்டைப்பையில் ஏதோ துண்டுச்சீட்டு இருக்கிறது. ஒவ்வொரு சர்வரிலும் பெயரையும் எண்ணையும் கையால் எழுதி வைக்கும் சின்ன ஃபைல் ஒன்று உண்டு. டைரக்டரியைக் கேட்பதற்கு முன் அதைத்தான் பார்க்கும். எவனோ ஒரு மகானுபாவன் அதில் 40 என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அதைத் திறக்க மேனேஜர் அனுமதி வேண்டும்; அவர் சாயங்காலம், எல்லோரும் கிளம்பும் நேரத்தில்தான் வந்தார். சொன்னேன். அவரும் குஷியாகிவிட்டார். “காண்ட்ராக்ட்காரன் வேலையாத்தான் இருக்கும். நாளைக்கு ஃபைலைத் திறந்து எவன்னு பாருங்க. அப்படியே பிரிண்ட் எடுத்துக் குடுங்க, ஒரு பிடி பிடிக்கறேன். ஒண்ணாந்தேதி அவங்க பில்லையே நிறுத்திடறேன்.”

நாளை அந்த மகானுபாவனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன். மாலை வாங்கிப் போகலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

பிடித்துவிட்டேன்.

ஒன்பது மணி. ஃபைலைத் திறந்தேன். கடைசி வரி. 40, பெட்டகம். பக்கத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிய ஒரு குறிப்பு: ‘தற்காலிகம். நாளை வந்து எடுத்துவிடுகிறேன்.’ கீழே ஒரு தேதி. மார்ச் 11. பதினோரு வருஷத்துக்கு முந்தைய மார்ச் 11.

என் மகள் பிறந்தது மார்ச் 12.

அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று டைரக்டரி சர்வர் படுத்துவிட்டது, ஆர்டர் எல்லாம் தேங்கி நின்றது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றபடியே, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் இந்த வரியைத் தட்டினேன். வலி வந்தது. மாஸ்டர்தான் வண்டி பிடித்து ஏற்றிவிட்டார். நாளை வந்து எடுத்துவிடுகிறேன்! நாளை நான் எங்கே வந்தேன்? பிரசவ வார்டில் அல்லவா இருந்தேன்!

நான் தட்டிய அந்த ஆர்டர் சர்வரே இப்போது இல்லை. மூன்று முறை மிஷின் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழையதை அப்படியே அள்ளிப் புதியதில் கொட்டியிருக்கிறார்கள். என் வரியும் கூடவே குடிபெயர்ந்து வந்திருக்கிறது.

சர்வர் அறையில் தனியாக விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

குறிப்பில் பெயர் இல்லை. வரியை அழித்தால் போதும், யாருக்கும் தெரியாது. தேதியை வெட்டிவிட்டுப் பிரிண்ட் கொடுத்தால் பழி காண்ட்ராக்ட்காரர்கள் தலையில். ‘எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்.’ கடைசியில் அந்தப் பெண் சொன்னதுதான் நிஜம்! அவர்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான்தான் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

இன்றைக்கா இது வர வேண்டும்? சோதனைக்காலம் முடிகிற இன்றைக்கா? ச்சே.

முழுசாகவே பிரிண்ட் எடுத்தேன். பிறகு வரியை அழித்தேன். தேங்கியிருந்த எல்லாம் மடமடவென்று பெட்டகத்துக்குள் ஓடின. தேய்க்கும் அறையிலிருந்து மாஸ்டர் கத்தியது இங்கே கேட்டது: “அடி சக்கை! வந்துருச்சு, வந்துருச்சு!”

மேனேஜர் பிரிண்ட்டை வாங்கினார். “இதான் அந்த ஆளா? யார்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது சார். நான்தான்.”

பேனா மூடி வாயிலிருந்து விழுந்தது. நான் மார்ச் 11, வலி, வண்டி என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தற்காலிகம்னா பதினோரு வருஷமாம்மா?”

“மகளுக்கும் பதினோரு வயசு சார்,” என்று உளறினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா!

அவர் சிரிக்கவில்லை. “திங்கட்கிழமை பேசலாம்” என்றார்.

ஜூன் 7, சனி

மகளிடம் சொன்னேன். “அப்ப என்னாலதான் எல்லார் கண்ணாடியும் லேட்டா?” என்றாள். அவளுக்கு ஒரே பெருமை. மாடி வீட்டுத் தோழியிடம் சொல்ல ஓடிவிட்டாள்.

வீட்டுக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: “சொல்லாம இருந்திருக்கலாமோன்னு தோணுதா?”

“தோணுது. நூறு தடவை தோணுது. இந்த வேலை எனக்கு வேணும்ங்க. அந்தக் கீச்சு நாற்காலி வேணும். காலைல டிபன் டப்பாவைத் தூக்கிட்டு ஓடறது வேணும். ஆனா அந்தப் போன் பொண்ணு மேல பழியைப் போட்டுட்டு அந்த நாற்காலியில உட்கார்ந்தா, அது கீச்சுங்கறது எப்படிக் கேட்கும்?” என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஒன்றும் ஓடவில்லை. மூன்று தடவை துணி மடித்தேன், ஒரே துணியை.

ஜூன் 9, திங்கள்

மேனேஜர் கூப்பிட்டார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பிரிண்ட் இருந்தது, தேதியோடு.

“காண்ட்ராக்ட் கம்பெனிக்கு நானே போன் பண்ணி சாரி சொல்லிட்டேன்” என்றார். “நீங்களும் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க.”

“சரி சார்.”

“இன்னும் இந்த மாதிரி எத்தனை வரி எழுதி வச்சிருக்கீங்க?”

“தெரியலை சார். தேடணும்.”

“தேடி முடிக்க எத்தனை நாளாகும்?”

“நாளாகும் சார்.”

அவர் குனிந்து பிரிண்ட்டை இன்னொரு தடவை படித்தார். உதடு துடித்தது. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு வருவீங்கல்ல?”

அப்புறம் அவரால் அடக்க முடியவில்லை. பேனா மூடியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர. கதவுக்கு வெளியே அக்காவும் மாஸ்டரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

போனேன். எட்டரைக்கே. அக்கா இன்னும் வரவில்லை, டிவி இருட்டாக இருந்தது. காத்திருக்கவில்லை. நேற்று மேனேஜர் எனக்கென்றே தந்த சர்வர் அறைச் சாவியைப் பையிலிருந்து எடுத்து நானே திறந்தேன்.