உங்கள் படத்துக்கு வைத்த தண்ணீர்

நம் மகள் அடுப்படியில் கெட்டிலுக்குள் வினிகர் ஊற்றிக் கொதிக்க வைத்திருக்கிறாள். வீடு முழுக்கப் புளிச்ச வாடை. அடியில் முட்டை ஓடு மாதிரிப் பிடித்திருக்கும் வெள்ளைப் படிவு இப்படிச் செய்தால் கழன்றுவிடுமாம். கழன்று வந்ததைக் கிண்ணத்தில் கொட்டி என்னிடம் காட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன். ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

கிட்னி போன பிறகு உங்களுக்குத் தண்ணீர் அளவாகத்தான் கொடுக்க வேண்டும் என்று டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ் மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் ஒரு பாட்டிலில் கோடு வரைக்கும் நிரப்பி மேசையில் வைப்பேன். மருந்து விழுங்கவும் அதுதான், வாய் நனைக்கவும் அதுதான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் கொதிகலன் பக்கத்தில் ஷிப்டு ஷிப்டாக நின்ற மனிதர் நீங்கள். வீட்டுக்கு வந்தால் ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டு, முதல் வேலையாக வாசல் குழாயைத் திறந்து கையேந்திக் குடிப்பீர்கள். அந்த ஆளுக்கு ஒரு பாட்டில் எந்த மூலைக்கு?

“நீ என்ன தண்ணி இலாகாவா? மீட்டர் வச்சுக் குடுக்கற. பில்லு கட்டலன்னா வெட்டிருவியா?” என்று கேட்பீர்கள். நானும் சிரிப்பேன். ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, அது கரையும்வரை டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். படம் உங்கள் கண்ணில் பதியாது என்பது எனக்குத் தெரியும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ஒரே ஒரு தடவ, வயிறு முட்ட ஒரு ஜக்கு தண்ணி குடிக்கணும் போல இருக்கு.” நான் பஞ்சை நனைத்து உதட்டில் தடவினேன். அவ்வளவுதான் தரலாம் என்றார்கள்.

அதனால்தான் உங்கள் படத்துக்கு முன்னால் டம்ளர் தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தேன். கருமாதி முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை புதுத் தண்ணீர் வைத்தால் அடுத்த வெள்ளிவரைக்கும் அது அங்கேயே இருக்கும். முதல் வாரம் பழைய தண்ணீரை எடுக்கப் போனேன். இரண்டு விரல் குறைந்திருந்தது. குறைந்த இடத்தில், டம்ளரின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு வளையம். உதடு பட்ட தடம் மாதிரியே இருந்தது. சாஆ ஊரிலிருந்து வந்திருந்த உங்கள் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணி உட்கார்ந்து பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார்.

“தம்பி வந்து குடிச்சிட்டுப் போயிருக்கான்,” என்றார். “தாகத்தோட போனவன் பாரு.”

அதற்குப் பிறகு நான் அழவில்லை. எதற்கு அழ வேண்டும்? வாரா வாரம் தண்ணீர் குறைந்தது, வாரா வாரம் வளையம் இருந்தது. மகள் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு விடிவதற்கு முன்னாலேயே பஸ் ஏறிவிடுவாள். நான் தனியாக இருந்தும் தனியாக இல்லை. அளவில்லாமல் குடிக்கட்டும் என்று பெரிய டம்ளராக மாற்றினேன்.

போன மாதம் நம் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் தண்ணீர்ப் பேச்சு. சோப்பு நுரைக்கவில்லை, துணி விறைப்பாகக் காய்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் யா, தன் வீட்டு ஷவர் அடைத்துக்கொண்டு கிழவன் ஒன்றுக்குப் போவதுபோல் சொட்டுகிறது என்று சொல்லிச் சிரித்தார். அவர்தான் தண்ணீர் சோதிக்கும் லேப்பில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண்ணை ஏற்பாடு செய்து வீடு வீடாக அழைத்து வந்தார். அந்தப் பெண் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். எங்களையும் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை ஜன்னல் ஓரம் வைத்து, தான் திரும்பி வரும்வரை தொடாமல் இருக்கச் சொன்னாள். நானும் உங்களுடையது மாதிரியே ஒரு பெரிய டம்ளரில் வைத்தேன்.

அடுத்த வாரம் வந்தாள். ஜன்னல் டம்ளரை எடுத்தாள். இரண்டு விரல் குறைந்திருந்தது. வெள்ளை வளையம்.

நான் ஓடிப்போய் உங்கள் டம்ளரை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன்.

“ரெண்டும் ஒண்ணுதான் ஆண்ட்டி. காத்துல தண்ணி காஞ்சு போகும், அதுல இருக்கற சுண்ணாம்பு மட்டும் தங்கிரும் லா. கடினத் தண்ணின்னு சொல்லுவாங்க. விஷம் இல்ல, பயப்படாதீங்க.”

காது அடைத்துக்கொண்டது. அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்குக் கிட்னி போனதே, இதனாலா என்று எப்படியோ கேட்டேன். இல்லை என்றாள். இத்தனை வருஷ இனிப்பு நீர் வியாதிதான் காரணமாக இருக்கும், சந்தேகமிருந்தால் டாக்டரைக் கேளுங்கள் என்றாள். அது ஓர் ஆறுதல்தான். ஆனால் நான் கேட்க நினைத்தது அதுவல்ல. அப்படியானால் அவர் குடிக்கவே இல்லையா என்று கேட்க நினைத்தேன். அவளிடம் எப்படிக் கேட்பது?

அவள் போன பிறகு இரண்டு டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எது உங்களுடையது என்று எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் சாகவில்லை. அன்றைக்கு, அந்த ஜன்னல் பக்கத்தில்தான் செத்துப்போனீர்கள். காக் யா ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அழுதேன்.

அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அதுக்காக வைக்காம விட்றாத,” என்றார். விடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அளவு போட்ட நாளிலிருந்து உங்கள் கண்முன்னால் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, விழுங்கும் சத்தம் வெளியே கேட்காமல் நின்றபடியே குடிப்பேன். நீங்கள் போன பிறகும் அப்படித்தான், படம் பார்க்குமே என்று.

போன வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஊற்றிவிட்டு எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினேன். உங்கள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உங்களுக்கு இனிமேல் தாகம் கிடையாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். பாதி டம்ளர் குடிக்க முடிந்தது. மீதியை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய்க் குடித்தேன்.